கியூசி அண்ணன் படித்த புத்தகம்

அவர் எதையும் சும்மா நம்பமாட்டார்.

டயரில் காற்று இருக்கிறது என்று நான் சொன்னால் போதாது. நான்கு டயரையும் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். ஏழு வருடம் இப்படி. தினமும் காலை ஆறு மணிக்கு, தம்போயில் அவர் வீட்டு வாசலில்.

"காத்து இருக்கு அண்ணே. நேத்துதான் அடிச்சேன்."

"நீ அடிச்ச, சரி. ராத்திரி எறங்கலன்னு யாரு பாத்தா?"

எங்கள் கம்பெனி செனாய் என்கிற ஊரில். இரும்புத் தகட்டை பிரஸ் மிஷினில் அடித்து, மின்விசிறிக்கும் வேறு சாமான்களுக்கும் பாகம் செய்கிற இடம். நான் பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டினேன். லோரி நிற்கிற பக்கம் என் வேலை. அவர் உள்ளே, பிரஸ் பக்கம். அடித்து வருகிற பாகத்தைச் சோதித்து நல்லது கெட்டது பிரிப்பார். அதற்கு கியூசி என்று பேர். அதனால் எல்லாருக்கும் அவர் கியூசி அண்ணன். அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் இங்கே எழுதவில்லை.

கடையில் தேத்தண்ணி கேட்டால், சீனி குறைத்துப் போடச் சொல்வார். கடைக்காரர், "கொறைச்சுதான் போட்டேன் பாஸ்" என்பார். இவர் நின்றபடியே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிறகுதான் நாற்காலியை இழுப்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையனுக்கு சிங்கப்பூரில் வேலை என்று சொன்னார்கள். ஜாதகம் பார்த்தாயிற்று. பொருத்தமும் சரி. இவர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கடல் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே நின்றார். பையன் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிற வரைக்கும் நின்றார். திரும்பி வந்து, "இருக்கான்" என்றார். அதன் பிறகுதான் தேதி குறித்தார்கள்.

அந்த மகள்தான் அவருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள்.

அவருக்கு ராக் பாட்டு பிடிக்கும். அதிலும் ஒரே ஒரு வெள்ளைக்காரர். அந்தப் பாடகரின் பேர் என் வாயில் சரியாக வராது. இளவயதில் கேசட் வைத்துக்கொண்டு கேட்டாராம். அப்போது முதுகு வரைக்கும் முடி இருந்ததாம். எனக்குப் பழக்கமாகும்போது தலையில் ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது. அவர் மனைவி, "அந்த ஆளு கத்தறத வீட்டுக்குள்ள போடாதீங்க, வயித்த கலக்குது" என்று சொல்லிவிட்டார். அதனால் என் காரில் போடுவார்.

அந்தப் பாடகர் வயதான காலத்தில் தன் கதையை எழுதியிருந்தார். செங்கல் கனத்துக்குப் புத்தகம். அண்ணன் அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். ஒரு பென்சில் கூடவே இருக்கும்.

அவர் படிக்கிற விதம் தனி. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஜேமாகி வண்டிகள் நிற்க ஆரம்பித்ததும் புத்தகத்தைத் திறப்பார். இங்கிலீஷில் மனசுக்குள் ஒரு பக்கம் படிப்பார். பிறகு எனக்குத் தமிழில் சொல்வார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் புத்தகம் எனக்கு வெறும் காகிதம். கதையில் ஏதாவது பாட்டு வந்தால் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார். போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, காரில் ஒயர் மாட்டி, முழுப் பாட்டும் போடுவார். பாட்டு முடிகிற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகமாட்டார். என்ன அவசரம் என்றாலும் போகமாட்டார்.

புத்தகத்தில் சொன்னது பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார். அதுதான் அவருக்குச் சந்தோஷம்.

பாடகரின் அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தவராம். வீட்டில் கஷ்டம். முதல் கித்தாரில் ஒரு கம்பி அறுந்துபோய், வேறு கம்பி போட வழியில்லாமல் ஒரு வருடம் ஐந்து கம்பியிலேயே வாசித்தாராம். முதல் மூன்று பாட்டு அப்படித்தான் செய்ததாம். அண்ணன் பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தத் தடிச்ச கம்பி இல்ல. கேட்டியா?"

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். "ஆமாண்ணே" என்றேன்.

"முப்பது வருஷமா கேக்குறேன். என்னமோ கொறையுதேன்னு தோணும். கம்பிதான்யா கொறைஞ்சிருக்கு!"

தொடையில் தட்டிக்கொண்டார். பென்சிலால் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

இன்னொரு பாட்டுக்கு எதிரொலி வரவேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே டிரம் வைத்து அடித்ததாக எழுதியிருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கம்பெனி மாடிப்படிக்குக் கீழே நின்று தனியாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் பொண்ணு ஒன்று மேலே இருந்து எட்டிப் பார்த்தது.

"என்ன அங்கிள், ஓகேயா?"

"ஓகே, ஓகே. அந்தாளு சொன்னது சரிதான்மா" என்றார். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தது. நான் சாப்பிடப் போய்விட்டேன்.

எனக்கு முதலில் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. எனக்கு முதுகுவலி. தூக்கம் சரியாக வராது. விடிந்தும் விடியாமலும் அந்தச் சத்தம் வேறு. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அவர் லீவு போட்ட நாளில் கார் காலியாகத் தெரிந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிரஸ் பக்கம் போகிறவர்கள் காதில் பஞ்சு மாதிரி ஓர் அடைப்பான் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிறம். கம்பெனி கொடுக்கும். அவர் வைப்பார். ஆனால் மிஷின் பக்கத்தில் போனதும் ஒரு காதில் உள்ளதைப் பிடுங்கிவிடுவார். கயிறு கழுத்தில் தொங்கும். சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் மிஷினைச் சோதிப்பார். தகட்டை அடிக்கிற அச்சு நன்றாக இருந்தால் ஒரு சத்தம். விரிசல் விழ ஆரம்பித்தால் வேறு சத்தம். அடித்து வந்த பாகத்தையும் இரும்பு மேசையில் தட்டிப் பார்ப்பார். 'டிங்' என்றால் நல்லது. 'டக்' என்றால் வெடிப்பு. பிறகுதான் கண்ணால் பார்ப்பது.

ஒரு தடவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொன்னார். சூப்பர்வைசர் சீனர். ஓடி வந்தார்.

"அபா பாசால், ஏன் நிறுத்துற? லோரி வெய்ட்டிங் லா!"

"அச்சு வெடிச்சிருக்கு."

"யாரு பாத்தா?"

"பாக்கல. கேட்டேன். நீங்க தொறந்து பாருங்க."

திறந்தார்கள். மயிர் கனத்துக்கு ஒரு கோடு இருந்தது. அதன் பிறகு அவர் கையைத் தூக்கினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மிஷின் நிற்கும்.

இருபது வருடம் அப்படி ஒரு காதைத் திறந்து வைத்துக் கேட்டார். ஒரு காது களைத்தால் மற்றக் காது.

பிரஸ் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் யார் காது எப்படி என்று யாருக்கும் தெரியாது. காரில் அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நான் குறைப்பேன். மறுபடியும் கூட்டுவார். ராக் பாட்டு என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். மேசையில் தட்டுவதைக் குறைத்து, பாகத்தை லைட்டுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்க்க ஆரம்பித்தார். அதையும் பார்த்தேன். வயசாகிறது, நிதானமாகச் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் போர்க்லிப்டைப் பின்னால் எடுத்தேன். பின்னால் எடுத்தால் அது தானாகவே கீக் கீக் என்று கத்தும். அண்ணன் நடுவில் நின்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நகரவில்லை. நான் பிரேக்கை மிதித்தேன். சரக்குத் தட்டு குலுங்கித் தரை அதிர்ந்ததும்தான் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"சத்தம் போடாம ரிவர்ஸ் எடுக்கிற? ஆளக் கொல்லப் பாக்குறியா?"

"சத்தம் போட்டுச்சு அண்ணே."

"நான் செவிடா?"

அவர் சும்மா விடவில்லை. போர்க்லிப்டில் சத்தம் வேலை செய்யவில்லை என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வந்து பார்த்தான். ஐந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டினான். "எல்லாம் ஓகே லா" என்று எழுதிவிட்டுப் போனான். அண்ணன் அந்தத் தாளைப் படித்தார்.

"அன்னிக்கு மட்டும் வேல செய்யல" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை காது சோதிக்க ஆள் வருவார்கள். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அதில் பெயிலானால் பிரஸ் பக்கம் விடமாட்டார்கள். ஸ்டோரில் பெட்டி எண்ண வைப்பார்கள். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். பெட்டி எண்ணுகிற கியூசி அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புத்தகம் முடிகிற இடத்துக்கு வந்தது. இன்னும் நாற்பது பக்கம்தான் என்றார். அன்றைக்கு மழை. ஜேம் நகரவே இல்லை. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, மறுபடியும் அதையே முதலிலிருந்து படித்தார்.

"என்னண்ணே?"

"அம்மாவப் பத்தி எழுதியிருக்கான்."

பாடகரின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததாம். ஒருநாள் பாட்டுப் பதிவு செய்கிற இடத்துக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகன் பாடி முடிக்கிறான். கித்தார் சத்தமும் அடங்கிவிட்டது. டேப் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிந்தது என்று நினைத்து, அம்மா வீட்டுக்குப் போகப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கிறார். அந்தச் சத்தம் டேப்பில் விழுந்துவிட்டது. அந்த மாதமே அம்மா செத்துப்போனார். சத்தத்தை வெட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்களாம். மகன் விடவில்லை. பாட்டின் கடைசியில் அது அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"கேசட்டுல அந்தப் பாட்டு கடைசியில இருக்கும். முடியறதுக்குள்ள டேப் நின்னுடும். அதான் எனக்குத் தெரியல" என்றார். போனைத் தேடினார். "அவங்கம்மா சத்தம் ஒலகத்துலயே அது ஒன்னுதான்யா."

போட்டார். மெதுவான பாட்டு. முடிந்தது. கித்தார் அடங்கியது. நான் வைப்பரை நிறுத்தினேன்.

சாவி. இரண்டு தடவை. சின்னதாக, ஆனால் தெளிவாக. பின்சீட்டில் யாரோ வீட்டுச் சாவியை எடுக்கிற மாதிரி.

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் போட்டார். கடைசிப் பகுதியை மட்டும் போட்டார். சத்தத்தை முழுசாகத் திருப்பினார். கார் கதவு அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். இந்தக் காது. பிறகு அந்தக் காது. கம்பெனி கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. பத்து தடவைக்கு மேல் இருக்கும்.

"ஒன்னும் இல்ல" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கேக்குதா?"

கேட்கிறது என்று சொன்னால் அவருக்குக் காது போய்விட்டது என்று சொன்னதாகும். நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன்.

"கேக்கல அண்ணே" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார்.

"பொய் சொல்லிட்டான். பெத்த அம்மா விஷயத்துல பொய் சொல்லியிருக்கான்."

நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தேன். ஒரு பாட்டு போனால் போகட்டும். வேலை இருக்கும்.

ஆனால் ஒரு பாட்டோடு போகவில்லை. மறுநாள், கம்பி அறுந்த கதையும் பொய்யாக இருக்கும் என்றார். அதற்கு மறுநாள் மாடிப்படியும் பொய். "எவன் எழுதிக் குடுத்தானோ. இவன் பேர மட்டும் போட்டுக்கிட்டான்." பாட்டு போடுவதை நிறுத்தினார். ஒயரைச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் போட்டார். புத்தகத்தை என் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டார். வீட்டில் வைத்தால் பார்க்கத் தோன்றுமாம்.

ஆறு வாரம் காரில் பேச்சு இல்லை. ஜேமில் நிற்போம். அவர் லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் டயரை உதைக்காமல் ஏறி உட்கார்ந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. முப்பது வருடம் அவர் கூட இருந்த அந்தப் பாடகரை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எழுதினால் பெரிய வார்த்தையாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம். நான் மறுபடியும் பின்னால் எடுக்கிறேன். கீக் கீக் என்று கத்துகிறது. பார்த்துத்தான் எடுத்தேன். பாதி வழியில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து அவர் வந்து நின்றுவிட்டார். முதுகு என் பக்கம். நான் நிறுத்தினேன். அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். கியரை எடுக்காமல் விட்டேன். அது கத்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. சீட்டு எழுதி முடித்து, பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, முன்பக்கமாகவே நடந்து போய்விட்டார். நான் அங்கே நின்றது அவருக்குத் தெரியாது.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன்.

சாயங்காலம் தம்போய் வந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. ரோட்டோரம் ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழம் பொரித்து விற்பார். அங்கே ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினேன்.

"என்ன, பசிக்குதா?"

"அண்ணே, அந்தப் பாட்ட எடுங்க."

"எந்தப் பாட்டு?"

"சாவி."

அவர் என்னைப் பார்த்தார்.

"சத்தம் இருக்குண்ணே. ரெண்டு தடவ. மொத நாளே கேட்டிச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கியூசி மேசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எந்த எடத்துல?" என்றார்.

போட்டுக் காட்டினேன். சாவிச் சத்தம் வந்ததும் போன் கண்ணாடியில் ஓடுகிற நொடியைத் தொட்டேன். இங்கே ஒன்று. இங்கே ஒன்று. அவர் அந்த எண்ணைப் பார்த்தார். போனை வாங்கிக்கொண்டு காரைவிட்டு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். என் பேச்சை மட்டும் அவர் எப்படி நம்புவார்?

அந்த அம்மா எண்ணெய்ச் சட்டியில் பழத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அண்ணன் அத்தை என்று கூப்பிட்டு மலாயில் உதவி கேட்டார்.

"மாக்சிக், தோலோங். இந்தப் பாட்டு முடிஞ்ச பிறகு ஏதாவது சத்தம் வருதா, கேட்டுச் சொல்லுங்க."

என்ன சத்தம் என்று சொல்லவில்லை. சொன்னால் அது சோதனை ஆகாது.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. அடுப்பைக் குறைத்துவிட்டு, தலைத்துணிக்கு மேலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டார். பாட்டு ஓடியது. இரண்டு பேர் பழம் வாங்க வந்து நின்றார்கள். அவர்களையும் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த அம்மா கையைக் காட்டினார். பாட்டு முடிந்தது. அவர் புருவம் மேலே போனது.

"அடா, அடா" என்றார். இருக்கிறது என்று அர்த்தம். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். பிறகு மேசையில் கிடந்த தன் மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தை எடுத்து, அண்ணனின் முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு தடவை ஆட்டினார்.

அண்ணன் அதைப் பார்த்தார். சாவி ஆடுவதைப் பார்த்தார். ஐந்து சாவி, ஒரு சின்ன மணி.

"இன்னொரு தடவை ஆட்டுங்க" என்றார்.

ஆட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா ஆட்டிக்கொண்டே இருந்தார். பழம் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அவன் பொய் சொல்லல" என்றார்.

"இல்லண்ணே."

"அம்மா சாவிதான்."

"ஆமாண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு பை பழம் வாங்கினார். காருக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஏறவில்லை. கார்க் கூரைக்கு மேலாக, அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"பொய் நீதான் சொல்லியிருக்க" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்து காரைக் கிளப்பினேன்.

மறுநாள் அவரே ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். காது சோதிக்க ஆள் வருகிற வரைக்கும் இருக்கவில்லை. ஸ்டோரில் போட்டார்கள். மூன்று வருடம் பெட்டி எண்ணினார். ஒரு பெட்டி குறைந்ததில்லை. என்னோடுதான் வந்தார், என்னோடுதான் போனார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. டயரை மறுபடியும் உதைக்க ஆரம்பித்தார்.

பின்சீட்டிலிருந்து புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். மிச்சம் நாற்பது பக்கம். காலையில் ஜேமில் படிப்பார். எனக்குத் தமிழில் சொல்லவும் செய்வார். பாட்டு வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பார். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த மரத்தடியில் நிறுத்தச் சொல்வார். போனை எடுத்துக்கொண்டு அந்த மலாய்க்கார அம்மாவிடம் போவார். அந்த அம்மா ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன் என்று நின்று கேட்டுச் சொல்வார். இவர் பென்சிலால் சரி போட்டுக்கொள்வார்.

ஒன்பது பாட்டு. ஒன்பது சாயங்காலம். என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னதே இல்லை. நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியை இறக்கி வைத்திருப்பேன். அவ்வளவு தூரத்திலும் பாட்டு எனக்கு நன்றாகவே கேட்கும்.